கேம் நிறுவனங்களில் யார் எந்த நாற்காலியில் இருக்கிறார்கள்? மகளின் வேலை குறித்து ஒரு கேள்வி

கேள்வி (பாளைக்காரர்):
அனைவருக்கும் வணக்கம். நான் மின்வாரியக் கணக்குப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவன், பாளையங்கோட்டையில் வசிக்கிறேன். கணினி அறிவியல் இறுதியாண்டு படிக்கும் என் மகள், வீடியோ கேம் உருவாக்கும் நிறுவனத்தில்தான் சேருவேன் என்று பிடிவாதமாக இருக்கிறாள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணி ஆற்றில் உள்ள குறுக்குத்துறை முருகன் கோயில் மூழ்கிக் கிடந்ததை பிளெண்டர் மென்பொருளில் முப்பரிமாணக் காட்சியாகச் செய்திருக்கிறாள். தண்ணீர் வடிந்தபின் தூண்களில் நின்ற சேற்றுக்கோடுகளைக்கூட அவள் விடவில்லை. ஆகவே திறமை குறித்து எனக்கு ஐயம் இல்லை. ஆனால் அது ஆண்களின் கோட்டை, பெண்கள் நிலைக்க மாட்டார்கள் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். பாலினப் பாகுபாட்டு வழக்கில் ரயட் கேம்ஸ் நிறுவனம் 10 கோடி டாலர் தர 2021-இல் ஒப்புக்கொண்டது என்ற செய்தியைப் படித்ததிலிருந்து எனக்கும் மனம் ஒரு நிலையில் இல்லை. அங்கே உண்மையில் யார் வேலை பார்க்கிறார்கள், நம் பக்கத்துப் பிள்ளைக்கு அதில் எங்கே இடம் என்று விவரம் அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில் (புள்ளியியல் ஆசிரியர், பேட்டை):
அண்ணாச்சி, எண்களை முதலில் பார்த்துவிடுவோம். சர்வதேச கேம் உருவாக்குநர் சங்கம் 2005-இல் வெளியிட்ட கணக்கெடுப்பில் பதில் அளித்தவர்களுள் 88.5 விழுக்காட்டினர் ஆண்கள், 11.5 விழுக்காட்டினர் பெண்கள், 83.3 விழுக்காட்டினர் வெள்ளையர். சராசரி வயது 31. அதே சங்கத்தின் 2021-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பெண்களின் பங்கு 30 விழுக்காடாக உயர்ந்திருந்தது. இவை தாமாக முன்வந்து பதில் தந்தவர்களின் கணக்குகள் என்பதையும், அவர்களில் பெரும்பாலோர் மேலைநாட்டவர் என்பதையும் மறக்கக் கூடாது. இவற்றை வைத்துப் பெங்களூரை அளப்பது தாமிரபரணித் தண்ணீரைக் காவிரியில் நின்று அளப்பது போலத்தான்.

ஆனால் மொத்த விழுக்காட்டைவிட உங்களுக்குப் பயன்படும் விவரம் ஒன்று அந்த 2005 அறிக்கையிலேயே இருக்கிறது. நிரல் எழுதுவோரில் பெண்கள் 5 விழுக்காடுதான். நிர்வாகம், மனிதவளம் போன்ற பிரிவுகளிலோ 47 விழுக்காடு. நம் ஊர்ப் பீடித் தொழிலை நினைத்துப் பாருங்கள். மேலப்பாளையத்திலும் முக்கூடலிலும் மடியில் முறத்தை வைத்துச் சுற்றுபவர்கள் பெண்கள். கடையில் கட்டைப் பிரித்துக் கழிவு தள்ளுபவரும் கணக்கு எழுதுபவரும் பெரும்பாலும் ஆண்கள். தலைகளை எண்ணினால் அது பெண்கள் தொழில். யார் சொல் செல்லும் என்று கேட்டால் விடை வேறு. ஆகவே மகள் சேரப்போகும் இடத்தில் எத்தனை பெண்கள் என்று மட்டும் கேட்காமல், அணித் தலைவர்களில் எத்தனை பேர், ஐந்தாண்டுக்கு மேல் இருப்பவர்கள் எத்தனை பேர் என்று கேட்கச் சொல்லுங்கள்.

பதில் (அம்பைப் பெண்):
ஐயா, நான் அம்பாசமுத்திரத்துக்காரி. பெங்களூரில் வெளிநாட்டு கேம்களுக்குள் தெரியும் பொருள்களைக் கணினியில் செய்து தரும் ஒரு ஸ்டூடியோவில் ஆறு ஆண்டுகள் ஆர்ட்டிஸ்டாக இருந்தேன். அந்த ஆறு ஆண்டுகளில் நான் செய்தவை பாறைகள், கதவுகள், மரப்பீப்பாய்கள். பீப்பாயின் இரும்பு வளையத்தில் துரு எந்தப் பக்கம் அதிகம் படியும் என்பதைத் தீர்மானிக்க ஒரு முழு வாரம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். அந்த கேம் வெளிவந்தபோது முடிவில் ஓடிய பெயர்ப் பட்டியலில் என் பெயர் இல்லை. எங்கள் ஸ்டூடியோவின் பெயர் மட்டும் ஒற்றை வரியில் வந்து போயிற்று. எங்கள் அணியில் பன்னிரண்டு பேரில் நால்வர் பெண்கள். நான் விலகும்போது நான் ஒருத்திதான் மிச்சம். யாரும் எங்களை வெளியே போ என்று சொல்லவில்லை. ஒப்படைக்கும் தேதி நெருங்கும்போது இரவு பதினொன்று வரை உட்கார வைத்துவிட்டு, வீடு திரும்ப வண்டி ஏற்பாடு செய்யாமல் இருந்தார்கள். அதுவே போதுமானதாக இருந்தது.

பன்முகத்தன்மை என்றதும் எல்லாரும் ஆண், பெண், நிறம் என்று பேசுகிறார்கள். ஊரும் அதில் ஒன்று என்பது என் கருத்து. தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில் ஜோஹோ இருப்பதால் மென்பொருள் வேலைக்கு வீட்டிலிருந்தே போய்வரும் பிள்ளைகள் உண்டு. கேம் வேலைக்குப் பெங்களூர், புணே, ஹைதராபாத் என்று மூட்டை கட்டத்தான் வேண்டும். அந்த வாடகையை முதல் இரண்டு ஆண்டுச் சம்பளத்தில் தாங்கக்கூடிய வீட்டுப் பிள்ளைகளே துறைக்குள் நிற்கிறார்கள். உங்கள் மகளைச் சேர்த்துவிடும் முன் இதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கணக்கு உங்களுக்குக் கைவந்த கலை அல்லவா!

பதில் (வண்ணார்பேட்டை):
இரண்டு செய்திகளைச் சேர்க்கிறேன். பெண்கள் இந்தத் துறைக்குப் புதியவர்கள் என்ற பேச்சே தவறு. ஆற்றின் மேல் விமானம் பறக்கும் ‘ரிவர் ரெய்டு’ என்ற 1982-ஆம் ஆண்டு கேமை வடிவமைத்து நிரல் எழுதியவர் கரோல் ஷா என்ற பெண்மணி. அடுத்தது, 1980-களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் சமையலறையை மையமாகக் கொண்ட ‘வெண்பா’ என்ற கேம் 2023-இல் டொரண்டோவிலிருந்து வெளிவந்து, மறு ஆண்டே அறிமுகப் படைப்புக்கான பிரிட்டனின் பாஃப்டா விருதைப் பெற்றது. கிழிந்த சமையல் குறிப்பை ஊகித்து இட்லி அவிக்க வேண்டும் என்ற ஆட்டம், அந்த அடுக்களையை அறிந்தவருக்குத்தான் தோன்றும். குறுக்குத்துறைத் தூணில் நின்ற சேற்றுக்கோடும் அப்படித்தான். மற்றபடி, 2023-லும் 2024-லும் உலகெங்கும் ஆயிரக்கணக்கானோர் இத்துறையில் வேலையிழந்தார்கள். அதில் ஆண், பெண் இருவரும் உண்டு.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. அம்பைத் தாயி எழுதியதை மகளிடம் காட்டினேன். இரவு வண்டியைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. சேற்றுக்கோடுகளைத் தூணின் மேற்பரப்பிலேயே தீட்டுவதா, தனிப் படலமாக மேலே ஒட்டுவதா என்று அக்காவிடம் கேட்கச் சொன்னாள்.

அம்பைப் பெண்:
தனிப் படலமாகவே ஒட்டச் சொல்லுங்கள், ஐயா. அடுத்த வெள்ளத்தில் கோடு இன்னும் உயரலாம். அப்போது தூணைத் தொடாமலேயே அதை மட்டும் ஏற்றிவிடலாம்.