லாபம் வருகிறது, கல்லாவில் காசில்லை: வகுப்பில் இதை எப்படிப் புரியவைப்பது?

கரும்பலகை:
14–16 வயது மாணவர்கள், வணிகவியல் பாடம். லாபம், ரொக்கம் இரண்டுக்கும் வரையறை கேட்டால் பிசகாமல் ஒப்பிக்கிறார்கள். "விற்பனையும் லாபமும் கூடியும் சரக்கு வாங்கப் பணமில்லை, ஏன்?" என்று கேட்டால் "செலவு அதிகமாகியிருக்கும்" என்று எழுதிவிடுகிறார்கள். ரொக்க ஓட்ட அட்டவணையில் (எப்போது எவ்வளவு பணம் வந்தது, போனது என்ற கணக்கு) கூட்டல் கழித்தல் சரியாகத்தான் வருகிறது. 40 நிமிடப் பாடவேளை இரண்டு கைவசம் இருக்கிறது. என்ன செய்யலாம்?

பேரேடு:
அட்டவணையை இரண்டாவது பாடவேளைக்குத் தள்ளுங்கள். முதல் நாள் வெறும் சீட்டும் ஒரு டப்பாவும் போதும்.

நாலு பேருக்கு ஒரு குழு, ஒவ்வொரு குழுவும் ஒரு நோட்டுப் புத்தகக் கடை. சீட்டுதான் ரொக்கம், ஒரு சீட்டின் மதிப்பு 50. முதலீடு 3,000, அதாவது டப்பாவில் 60 சீட்டு. வாடிக்கையாளர் பிறகு தர வேண்டிய பணத்துக்கு வேறு நிறத்தில் 35 கடன் சீட்டும் வேண்டும்.

முதல் மாதம்: நோட்டு ஒன்று 20 வீதம் 100 நோட்டு, ரொக்கக் கொள்முதல். 40 சீட்டு வெளியே போகும். நூறும் 35 வீதம் விற்றுப்போகிறது. பாதிக்குத்தான் ரொக்கம், மீதி அடுத்த மாதம். 35 சீட்டும் 35 கடன் சீட்டும் வரும். வாடகை 600, இன்னொரு 12 சீட்டு போகும். லாபம் 900. டப்பாவில் இருப்பதோ 43 சீட்டு, 2,150.

இரண்டாம் மாதம் "வியாபாரம் சூடு பிடித்துவிட்டது, 200 நோட்டு வாங்குங்கள்" என்று சொல்லுங்கள். 80 சீட்டு வேண்டும், இருப்பது 43. "கடனை உடனே வசூலிக்கலாமே" என்று யாராவது சொல்வார்கள். வசூலிக்கட்டும். 43உம் 35உம் 78. அப்போதும் இரண்டு சீட்டு குறையும். அந்த இரண்டு சீட்டுதான் பாடம். உடனே விளக்கம் சொல்லாமல், "செலவு அதிகமா? நோட்டின் விலை ஏறியதா? வாடகை ஏறியதா?" என்று மட்டும் கேளுங்கள்.

ஐந்தொகை:
நல்ல முறை. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: இதில் சரக்கு முழுக்க விற்றுப்போகிறது. இப்படியே விட்டால் "வாங்கியதெல்லாம் செலவு" என்ற எண்ணம் ஊறிவிடும். முதல் மாதத்தையே 70 நோட்டு மட்டும் விற்றதாக வைத்து மறுபடி போடச் சொல்லுங்கள். பெரும்பாலோர் 2,450 − 2,000 − 600 என்று போட்டு 150 நட்டம் என்பார்கள். விற்ற 70 நோட்டின் அடக்கம் 1,400தான், லாபம் 450. மீதி 30 நோட்டு அலமாரியில் சரக்கிருப்பாக நிற்கிறது. கடன் விற்பனையைவிட இங்கேதான் அதிகம் வழுக்கும்.

பிறகு ஐந்து அட்டை: வாங்கிய கடன், கடனின் அசல் திருப்பியது, அதன் வட்டி, தேய்மானம் (பொருள் பழசாவதால் குறையும் மதிப்பு), உரிமையாளர் சொந்தத்துக்கு எடுத்தது. எது லாபத்தைத் தொடும், எது டப்பாவைத் தொடும்? வட்டி செலுத்தினால் இரண்டையும் தொடும். தேய்மானம் லாபத்தை மட்டும். மற்ற மூன்றும் டப்பாவை மட்டும்.

சிவப்புமை:
இதே எண்களை வைத்து இலாப நட்டமற்ற புள்ளியையும் (நட்டம் வராமலிருக்க எத்தனை விற்க வேண்டும் என்பது) முடித்துவிடலாம், புதுக் கணக்கு தேட வேண்டாம். 600 ÷ (35 − 20) = 40 நோட்டு. விடைத்தாளில் 17 இருந்தால் விற்பனை விலையால் வகுத்திருக்கிறார், 30 இருந்தால் அடக்க விலையால் வகுத்திருக்கிறார். விடையைப் பார்த்ததுமே தவறு தெரிந்துவிடும், வழிமுறையைத் துழாவ வேண்டியதில்லை. வாடகையை 700 ஆக்கினால் 46.67 வரும். 46 என்று எழுதினால் மதிப்பெண் கிடையாது. 46 நோட்டில் இன்னும் 10 நட்டம், ஆகவே 47.

எழுத்துத் தேர்வுக்கு ஒரு சோதனை. "இந்தத் தொழில் கடன் விற்பனையைக் குறைக்கலாமா?" என்ற கேள்விக்கு வந்த விடையில் எண்களை விரலால் மறையுங்கள். அப்போதும் விடை அப்படியே பொருந்தினால், அது எந்தத் தொழிலுக்கும் எழுதிய பொது விடை. "ரொக்கம் மேம்படும்" என்றால் போதாது. எவ்வளவு, எந்த மாதம், அதற்காக எத்தனை நோட்டு விற்பனையை இழக்கலாம் என்பது வர வேண்டும்.

கரும்பலகை:
அட்டவணை போடும்போது இரண்டாம் மாத இறுதி இருப்பு 2,800 என்று வருகிறதே? அதைக் காட்டி "பணம் இருக்கிறதே சார்" என்றால்?

பேரேடு:
பழைய கடன் வசூலாகி, 200உம் விற்று, பாதிக்கு ரொக்கம் வந்து, வாடகையும் போனதாக வைத்தால் அப்படித்தான் வரும். ஆனால் சரக்குக்குப் பணம் கட்ட வேண்டியது 1ஆம் தேதி. மாதக் கூட்டுத்தொகை நடுவில் வந்த பள்ளத்தை மறைத்துவிடும். அந்த மாதத்தை மட்டும் நான்கு வாரப் பத்திகளாகப் பிரித்துப் போடச் சொல்லுங்கள். முதல் வாரத்திலேயே இருப்பு எதிர்மறையாகிவிடும்.