கை நீட்டுகிற அப்பாவை எடுக்கிற இல்லம் மட்டக்களப்பில் உண்டா?

கல்லடி மகள்:
அப்பாவுக்கு 78 வயது. மறதி நோய்க்கு மனநல கிளினிக்கில் மருந்து எடுக்கிறோம். மறதியோடு எப்படியோ காலம் தள்ளினோம். இப்போது கை நீட்டுகிறார். குளிக்க வார்க்கப் போனால் வாளியைப் பறித்து எறிகிறார். போன கிழமை அம்மாவின் மணிக்கட்டை முறுக்கி, அது வீங்கிக் கிடக்கிறது.

பொழுதுபட்டால் இன்னொரு கூத்து. லைட்டை நூர்க்கச் சொல்லி, அடையாள அட்டையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் நிற்பார். 1990 இராணுவச் சுற்றிவளைப்பு அவருக்கு இன்னும் முடியவில்லை. கேற் சத்தம் கேட்டால் மருமகனென்றும் பாராமல் தடியோடு வருவார்.

இந்த வீடு அவர் எனக்குச் சீதனமாகக் கட்டித் தந்தது. பெற்றோர் மகளோடு இருப்பதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். இல்லம் என்று வாயெடுத்தாலே சித்தி பேசத் தொடங்கிவிடுவார். பேசட்டும், இரவில் முழித்திருப்பது அவர் இல்லையே.

முதியோர் இல்லங்களுக்கு எடுத்தேன். "தன் வேலையைத் தானே செய்வாரா?" என்பதுதான் முதல் கேள்வி. அடிப்பார் என்றதும் போனை வைக்க அவசரப்படுகிறார்கள். கனடாவில் இருக்கிற அண்ணா, அதைச் சொல்லாமல் சேர்த்துவிடு, மற்றதைப் பிறகு பார்ப்போம் என்கிறார். கொழும்பில் காசு கட்டி வைக்கிற இடங்கள் இருக்கின்றன. சிங்களத்தில் கதைக்கிற ஒருவர் நடு இரவில் கையைப் பிடித்தால் அப்பா என்ன நினைப்பார்? யாராவது இப்படி ஒருவரை எங்காவது வைத்துப் பார்த்தீர்களா?

பாண்டிருப்பு தாதி:
தங்கச்சி, அண்ணாவின் யோசனை வேண்டாம். முதல் இரவே தெரிந்துவிடும். விடிந்ததும் வந்து கூட்டிப் போங்கள் என்பார்கள், இல்லாவிட்டால் கட்டிலோடு கட்டுவார்கள். இடம் மாற மாறக் குழப்பம் கூடும்.

அதற்கு முதல், இது மெல்ல மெல்ல வந்ததா, திடீரென்று கூடியதா? திடீரென்றால் சிறுநீரில் கிருமி, மலச்சிக்கல், எங்காவது நோவு, புதுக் குளிசை எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். வயதானவர்களுக்குக் காய்ச்சல் இல்லாமலும் கிருமி இருக்கும். நோகுது என்று சொல்லத் தெரியாதவர் அடித்துத்தான் காட்டுவார். ஆளை அமர்த்தும் மருந்துகள் மறதி நோயாளருக்குப் பக்கவாத ஆபத்தைக் கூட்டும், அதனால் டொக்டர் கேட்டவுடன் எழுதமாட்டார். கை நடுக்கம், இல்லாத ஆட்களைக் காண்பது இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். அப்படிப்பட்டவர்களுக்குச் சில மருந்து ஆகவே ஆகாது.

தலையில் வாளியால் ஊற்றுவதை விடுங்கள். இளஞ்சூட்டுத் தண்ணீரில் துணியை நனைத்து அவர் கையிலேயே கொடுங்கள், காலில் தொடங்கட்டும். தினமும் குளிக்க வேண்டும் என்று சட்டமில்லை.

அக்கரைப்பற்று நானா:
எங்கள் உம்மாவைக் கொழும்பில் ஓரிடத்தில் வைத்தோம். பெயர் வேண்டாம். பகலில் எல்லாம் பளிச். நீங்கள் இடம் பார்க்கப் போவதென்றால் மஃரிபுக்குப் பிறகு போங்கள். இரவில் எத்தனை பேர் நிற்பார்கள், கட்டிவைப்பார்களா, ஆஸ்பத்திரிக்கு யார் கொண்டு போவது, கட்டிய முற்பணம் திரும்புமா, எல்லாம் வாய்விட்டுக் கேளுங்கள். கொழும்பு மருதானையில் மறதி நோயாளருக்கென்று இருக்கிற லங்கா அல்சைமர் பவுண்டேசனின் நிலையம் பகல் நேரத்துக்குத்தான். பிரதேச செயலகத்தில் முதியோர் உரிமை உத்தியோகத்தரையும் ஒருக்கா பாருங்கள். இரவில் கை மீறினால் 1926, மனநல உதவி இலக்கம்.

உம்மாவைத் திரும்பக் கூட்டி வந்து, இரவுக்கு இறக்காமத்து ராத்தா ஒருவரை வைத்தோம். உம்மா "என் காசைக் களவெடுத்துட்டாய்" என்று பாய்ந்தால், அவர் மறுக்கவே மாட்டார். "வாங்க, ரெண்டு பேரும் தேடுவம்" என்று அலுமாரியைத் திறப்பார். மடித்த சேலைகளை ஒவ்வொன்றாக உதறுவார்கள். பாதியில் உம்மா எதைத் தேடுகிறோம் என்பதை மறந்துவிடுவார்.

கல்லடி மகள்:
தாதி அக்கா, கிளினிக் கொப்பியைப் பார்த்தேன். போன மாதம் ஒரு குளிசை மாற்றியிருக்கிறார்கள், கை நீட்டுவது அதற்குப் பிறகுதான் கூடியது. திங்கள் கொப்பியோடு கொண்டு போகிறேன், சிறுநீரையும் சோதிக்கச் சொல்கிறேன்.

நானா, அந்த ராத்தாவுக்குத் தெரிந்த யாராவது கல்லடிக்கு இரவில் வந்து நிற்பார்களா? ஆண் என்றாலும் சரி, பெண் என்றாலும் சரி. சம்பளத்தை அண்ணா அனுப்பட்டும்.