பழைய துப்பாக்கி வாங்கும் முன்: திருட்டுப் புகார் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

மலைக்காற்று (கேள்வி)

அமெரிக்காவில் தனிநபர் ஒருவரிடம் பழைய பிஸ்டல் வாங்கப் பேசிக்கொண்டிருக்கிறேன். ஸிக் பி320. விற்பவரும் நானும் ஒரே மாநிலம்தான். பெட்டியும் இரண்டு மேகஸினும் இருக்கின்றன, ரசீது மட்டும் இல்லை. சீரியல் நம்பர் கேட்டால் தருகிறேன் என்கிறார். பணம் கொடுப்பதற்கு முன்பே, அது திருடு போனதாக எங்காவது பதிவாகியிருக்கிறதா என்று பார்க்க வழி உண்டா? டீலர் மூலம் மாற்றிக்கொண்டால் பின்னணிச் சோதனையிலேயே தெரிந்துவிடும் என்கிறார்கள். அது சரியா?

வெள்ளிமணி

சரியில்லை. டீலர் கடையில் 4473 படிவம் (துப்பாக்கி வாங்குபவர் நிரப்பும் மத்திய அரசுப் படிவம்) நிரப்பியதும் நடக்கும் நிக்ஸ் சோதனை, அதாவது எஃப்.பி.ஐ.யின் பின்னணிச் சோதனை, வாங்கும் ஆளைப் பற்றியது. உங்கள் மேல் தண்டனை, தடை உத்தரவு ஏதாவது இருக்கிறதா என்றுதான் அது பார்க்கும். துப்பாக்கியின் பூர்வீகத்தை அது தொடாது. "சோதனையில் பாஸ் ஆகிவிட்டது, அதனால் துப்பாக்கி சுத்தம்" என்று நம்பி வாங்குகிறவர்கள் ஏராளம்.

திருட்டுப் பதிவு இருப்பது வேறு இடத்தில். எஃப்.பி.ஐ. 1967 முதல் நடத்தும் என்.சி.ஐ.சி. என்ற தேசியக் குற்றத் தகவல் தரவுத்தளத்தில் துப்பாக்கிகளுக்கென்றே தனிக் கோப்பு உண்டு. திருடு போனவை, தொலைந்தவை எல்லாம் போலீஸ் துறைகள் வழியாக அதில் ஏறும். திருட்டுப் பதிவுக்குக் காலாவதி கிடையாது. ஏற்றிய துறையே நீக்கும்வரை இருக்கும், அதனால் 20 வருடத்துக்கு முந்தைய திருட்டும் இன்று பிடிபடும். ஆனால் அதைப் பொதுமக்கள் திறந்து பார்க்க முடியாது. காசு வாங்கிக்கொண்டு "என்.சி.ஐ.சி. ரிப்போர்ட்" தருவதாகச் சொல்லும் இணையதளம் எதையும் நம்பாதீர்கள்.

நடைமுறையில் செய்ய வேண்டியது இது. உள்ளூர் போலீஸின் அவசரமில்லா எண்ணுக்குக் கூப்பிடுங்கள், 911 அல்ல. "பழைய துப்பாக்கி ஒன்று வாங்கப்போகிறேன், திருட்டுப் பதிவு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல முடியுமா" என்று கேளுங்கள். தயாரிப்பாளர், மாடல், கேலிபர் (தோட்டாவின் அளவு), சீரியல் நம்பர் நான்கும் கையில் இருக்கட்டும். சில துறைகள் போனிலேயே சொல்லும், சில நேரில் வரச் சொல்லும், சில செய்யவே மாட்டோம் என்றுவிடும். மறுத்தால் கவுண்டி ஷெரிஃப் அலுவலகத்தைக் கேளுங்கள். நேரில் போனால் நம்பர் எழுதிய காகிதம் போதும். முன்கூட்டிச் சொல்லாமல் துப்பாக்கியோடு காவல் நிலையத்துக்குள் போகவே கூடாது.

டீலர் வழியும் இப்போது உண்டு, ஆனால் குறுகலானது. தங்களிடம் விற்பனைக்கு வரும் துப்பாக்கி திருட்டுப் பொருளா என்று உரிமம் பெற்ற டீலர்கள் விரும்பினால் என்.சி.ஐ.சி. பதிவில் சரிபார்க்க 2022-ல் வந்த மத்தியச் சட்டம் இடம் கொடுத்தது. டீலருக்கு அது கட்டாயமில்லை. அதனால் "நம்பரைப் பார்ப்பீர்களா" என்று வாய்விட்டுக் கேளுங்கள். தானாக நடந்திருக்கும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

இரும்புப்பட்டறை

மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் தேடல் தவறிப்போவது பெரும்பாலும் நம்பரைத் தவறாகப் படிப்பதால்தான், அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பி320-ல் சட்டப்படி "துப்பாக்கி" என்பது உள்ளே இருக்கும் டிரிகர் பாகங்கள் அடங்கிய எஃகுச் சட்டகம் மட்டும்தான். கிரிப் (கைப்பிடி), ஸ்லைடு (மேலே முன்னும் பின்னும் நகரும் பாகம்), பேரல் (குழல்) எல்லாம் தனியாக வாங்கி மாற்றக்கூடியவை. கிரிப்பில் இருக்கும் சிறிய ஜன்னல் வழியாகத் தெரியும் நம்பர்தான் உங்களுக்கு வேண்டியது. பெட்டி லேபிளில் இருப்பதும் அதுவும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். வேறாக இருந்தால் உடனே திருட்டு என்று முடிவு கட்ட வேண்டாம், பெட்டி மாறியிருக்கலாம். ஆனால் சரிபார்க்கக் கொடுக்க வேண்டியது உலோகத்தில் இருக்கும் நம்பர், பெட்டியில் இருப்பதல்ல.

மற்ற வகைகளில் இடம் மாறும். கிளாக்கில் ஃபிரேமின் அடியில் பதித்த சிறு உலோகத் தகட்டில் இருக்கும், ஸ்லைடிலும் பேரலிலும் அதே நம்பர் வரும். ஏ.ஆர்.-15 ரைஃபிள் என்றால் கீழ் ரிசீவர் (டிரிகர் பாகங்கள் பொருந்தும் உடல் பகுதி). ரூகர் மார்க் 4 பிஸ்டலில் தலைகீழ்: பேரலோடு சேர்ந்த மேல் பாகத்தில்தான் நம்பர். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வரில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். சிலிண்டரைத் திறந்ததும் கண்ணில் படும் எண், தொழிற்சாலையில் பாகங்களைக் கோர்க்கும்போது போட்ட எண்ணாக இருக்கலாம். உண்மையான சீரியல் பல மாடல்களில் பிடியின் அடியில் இருக்கும், பெரிய ரப்பர் கிரிப் போட்டிருந்தால் மறைந்துவிடும். கிரிப்பைக் கழற்றிப் பாருங்கள்.

பூஜ்யமும் "ஓ"வும், ஒன்றும் "ஐ"யும், எட்டும் "பி"யும் குழப்பும். முன்னால் வரும் எழுத்துகளையும் விடாமல் எழுதுங்கள். நம்பர் அந்தந்தத் தயாரிப்பாளருக்குள் மட்டும்தான் தனித்தன்மை உடையது, வேறு கம்பெனி துப்பாக்கியில் அதே நம்பர் இருக்கலாம். அதனால்தான் தயாரிப்பாளரும் கேலிபரும் சேர்த்துக் கேட்கிறார்கள். இறக்குமதித் துப்பாக்கியில் இறக்குமதியாளர் பெயரும் சில சமயம் அவர் போட்ட தனி நம்பரும் இருக்கும். இரண்டையுமே சொல்லித் தேடச் சொல்லுங்கள்.

பிறகு, நம்பரைத் தடவிப் பாருங்கள். சுற்றிலும் உலோகம் லேசாகக் குழிந்திருப்பது, ஒரு எழுத்து மட்டும் ஆழமாகவோ சாய்ந்தோ இருப்பது, அந்த இடத்தில் மட்டும் பூச்சு புதிதாக இருப்பது, தகட்டின் ஓரத்தில் பசை, இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்தத் துப்பாக்கி வேண்டாம். 2002 ஜனவரி 30-க்குப் பிறகு அமெரிக்காவில் தயாரானவற்றில் சீரியல் குறைந்தது 0.003 அங்குல ஆழமும் 1/16 அங்குல உயரமும் இருக்க வேண்டும் என்பது விதி. விரலுக்கு நன்றாகவே தட்டுப்படும்.

தெற்குச்சாளரம்

ஒரு மறுப்பு. "பதிவு எதுவும் இல்லை" என்று பதில் வந்தால் அதன் பொருள் யாரும் புகார் பதியவில்லை என்பது மட்டும்தான். துப்பாக்கி சுத்தமானது என்று அது சொல்வதில்லை. டீலர் கடையில் திருடு போனால் கண்டுபிடித்த 48 மணி நேரத்துக்குள் அவர் ஏ.டி.எஃப்.க்கும் (துப்பாக்கி விற்பனையைக் கண்காணிக்கும் மத்தியத் துறை) உள்ளூர் போலீஸுக்கும் சொல்ல வேண்டும். தனிநபருக்கு மத்தியச் சட்டத்தில் அப்படி ஒரு கடமை இல்லை, சில மாநிலங்கள் மட்டுமே கேட்கின்றன. அதோடு, திருட்டுக் கொடுத்தவரிடம் நம்பர் எழுதி வைத்திருக்காவிட்டால் புகாரில் நம்பரே இருக்காது. வண்டிக்கு இருக்கும் பதிவுப் புத்தகம் போன்ற உரிமையாளர் பதிவேட்டை மத்திய அரசு துப்பாக்கிக்கு வைத்துக்கொள்ளக் கூடாது என்று 1986-ம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. ஆகவே நம்பரை வைத்து "யாருடையது" என்று யாரும் உடனே சொல்லிவிட முடியாது.

ஃபுளோரிடா மாநிலச் சட்ட அமலாக்கத் துறையின் தளத்தில் திருட்டுத் துப்பாக்கித் தேடல் பொதுமக்களுக்கே திறந்திருக்கிறது. அங்கே நம்பர் வந்தால் பயனுள்ள செய்தி. வராவிட்டால் அந்த மாநிலத் துறைகள் பதியவில்லை என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உரிமையாளர்கள் தாங்களே பதிவேற்றும் தனியார் தளங்களும் அப்படித்தான்.

மலைக்காற்று

தெளிவாக இருக்கிறது, நன்றி. இன்னும் இரண்டு கேள்வி. வாங்கிய பிறகு திருட்டு என்று தெரிந்தால் என்ன ஆகும்? அவரிடமே நம்பர் இல்லாத பழைய .22 ரைஃபிள் ஒன்றும் இருக்கிறது, அதைத் தொடலாமா?

தெற்குச்சாளரம்

துப்பாக்கி போகும், பணமும் போகும். திருடியவரிடமிருந்து உரிமை யாருக்கும் மாறாது, இடையில் எத்தனை கை மாறியிருந்தாலும் சரி. போலீஸ் எடுத்துக்கொள்ளும், பணத்தை விற்றவரிடம்தான் கேட்க வேண்டும். தெரிந்த நிமிடத்திலிருந்து அதை இன்னொருவருக்கு விற்பதோ, விற்றவரிடமே திருப்பிக் கொடுப்பதோ கூடாது. வக்கீலிடமோ போலீஸிடமோ போனில் பேசி, அவர்கள் சொல்கிறபடி ஒப்படையுங்கள். திருட்டு என்று தெரிந்தோ, அப்படி நினைக்க நியாயமான காரணம் இருந்தோ வைத்திருந்தால் மத்தியச் சட்டத்தில் 10 ஆண்டுவரை சிறை. பாதி விலை, நம்பரைக் காட்டத் தயங்குவது, இன்றைக்கே முடிக்கணும் என்ற அவசரம் எல்லாம் பின்னால் அந்த "நியாயமான காரணம்" ஆகிவிடும்.

எனவே விற்பனைத் தாள் எழுதுங்கள்: தேதி, இருவர் பெயரும் முகவரியும், தயாரிப்பாளர், மாடல், கேலிபர், சீரியல், இருவர் கையெழுத்து. அவருடைய ஓட்டுநர் உரிமத்தைப் பார்த்து எந்த மாநிலம் என்று உறுதி செய்யுங்கள். மாநிலம் வேறானால் டீலர் மூலமாகத்தான் மாற்ற வேண்டும். கலிஃபோர்னியா, கொலராடோ, வாஷிங்டன், நியூயார்க் போன்ற இடங்களில் ஒரே மாநிலம் என்றாலும் டீலர் வழிதான். எந்தத் துறையில், எந்தத் தேதியில் சரிபார்த்தீர்கள் என்பதையும் அந்தத் தாளின் பின்புறம் குறித்து வையுங்கள்.

இரும்புப்பட்டறை

ரைஃபிள் பற்றி: எல்லாத் துப்பாக்கிக்கும் நம்பர் கட்டாயம் ஆனது 1968-ம் ஆண்டுச் சட்டத்தால். அதற்கு முன் செய்த மலிவான .22 ரைஃபிள்களும் ஷாட்கன்களும் நம்பர் இல்லாமலே தொழிற்சாலையிலிருந்து வந்தன. அவற்றை வைத்திருப்பது மத்தியச் சட்டத்தில் குற்றமில்லை. குற்றம், இருந்த நம்பரை அழித்தது என்று தெரிந்து வைத்திருப்பது. அதற்கு 5 ஆண்டுவரை. மாநிலச் சட்டத்தைத் தனியாகப் பாருங்கள்.

முதலில் அந்த மாடல் எந்த ஆண்டுகளில் வந்தது, அதில் நம்பர் போட்டார்களா என்று தெரிந்துகொள்ளுங்கள். 1968-க்குப் பிந்தைய தயாரிப்பு என்றால் பேச்சை அதோடு விடுங்கள். முந்தையது என்றால் ரிசீவரின் இரு பக்கமும், பேரல் ரிசீவரில் சேரும் இடமும் பக்கவாட்டு வெளிச்சத்தில் பாருங்கள். அரம் ஓடிய கோடு இருந்தால் வேண்டாம். எதுவும் இல்லையென்றால் திருட்டுப் பதிவில் தேட நம்பரே கிடையாது, விற்பவரை எவ்வளவு தெரியும் என்பதை வைத்துத்தான் முடிவெடுக்க முடியும். முன்பின் தெரியாதவர் என்றால் பி320-ஐ மட்டும் பாருங்கள், ரைஃபிளை விட்டுவிடுங்கள்.