காலி பிக்கப் பின்னாடி தூக்கிப் போடுது: கிட் மாத்தணுமா, காத்தைக் குறைக்கணுமா?

ஆழியார்க்காரன்:
வணக்கம் நண்பர்களே. செகண்ட் ஹேண்ட்ல ஒரு டபுள் கேப் டீசல் பிக்கப் வாங்கி எட்டு மாசம் ஆச்சு. 4x4, பிஎஸ்6, முன்னாடி காயில் (சுருள் ஸ்பிரிங்), பின்னாடி லீஃப் ஸ்பிரிங் (அடுக்கடுக்கான இரும்புப் பட்டை). வாரம் ஒரு தடவை பொள்ளாச்சியில இருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவும் ஏறி, அதுக்கு மேல எஸ்டேட் மண் ரோட்டுல ஏழு கிலோமீட்டர் போகணும். ஓட்டுற எனக்குப் பெருசா தெரியல. பின் சீட்டுல அம்மா. 68 வயசு, இடுப்பு வலி வேற. ஒவ்வொரு வேகத்தடையிலயும் ஆளைத் தூக்கிப் போடுது. பள்ளத்துல இறங்கினா அடியில 'டக் டக்'னு ஒரு சத்தமும் வருது. போன வாரம் "நான் பஸ்ஸுலயே வந்துக்கறேன் சாமி"ன்னு சொல்லிட்டாங்க. மனசுக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கு.

ஒரு கடையில 2 இன்ச் லிஃப்ட் (வண்டியை உயர்த்தறது), புது லீஃப், நாலு ஷாக் (குலுக்கலை அடக்கற ஷாக் அப்சார்பர்) சேர்ந்த கிட் போடலாம், கூடவே சைலன்சரைத் தடை கம்மியான ஃப்ரீ ஃப்ளோ ஆக்கினா இழுவை நல்லா இருக்கும்னு சொல்றாங்க. எல்லாம் சேர்த்து ஒண்ணரை லட்சத்துக்கு மேல. அட்வான்ஸ் கட்டலாமா?

மண்ரோட்டுப்பயணி:
தயங்காம கட்டுங்க. கம்பெனியில வர்ற ஷாக் பெரும்பாலும் ட்வின் ட்யூப்தான், ஒண்ணுக்குள்ள ஒண்ணா ரெண்டு குழாய். மேடு பள்ளத்துல விடாம ஓட்டினா உள்ள இருக்கற எண்ணெய் சூடாகி நுரைச்சுடும். நுரைச்சா ஷாக் பிடிக்காது, வண்டி படகு மாதிரி ஆடும். ஒத்தைக் குழாய் இருக்கற மோனோ ட்யூப்ல நைட்ரஜன் தனி அறையில இருந்து எண்ணெயை அழுத்திட்டே இருக்கும், அவ்வளவு சீக்கிரம் நுரைக்காது.

ஃபோர்டோட எஃப்-150 ராப்டர் பிக்கப்பைப் பாருங்க. 2021 மாடல்ல லீஃபையே தூக்கிட்டு அஞ்சு லிங்க் (ஆக்ஸிலைப் பிடிக்கற அஞ்சு கம்பி), 24 இன்ச் காயில்னு போயிட்டாங்க. சைலன்சர் குழாயையும் ட்ராம்போன் வாத்தியம் மாதிரி வளைச்சு, நடுவுல வால்வு வச்சிருக்காங்க. வேணும்னா அமைதி, வேணும்னா கர்ஜனை. சொகுசும் சத்தமும் ஒரே வண்டியில கிடைக்குது. நாம மட்டும் ஏன் கம்பெனி கொடுத்ததோட நிக்கணும்?

பட்டறைக்காரன்:
தம்பி, இன்னும் பணம் கட்டலைன்னா கொஞ்சம் பொறுங்க. 27 வருஷமா ஜீப்புக்கும் பிக்கப்புக்கும் அடியில படுத்து வேலை பார்த்தவன் சொல்றேன்.

இங்க விக்கிற இசுசு வி-க்ராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப் ரெண்டுமே பின்னாடி லீஃப்தான். அது சுமைக்குன்னு கட்டினது. காலியா ஓட்டும்போது மேல எடை கம்மி, ஸ்பிரிங் அமுங்க மறுக்கும். பட்டைக்கும் பட்டைக்கும் நடுவுல உராய்வு வேற பிடிச்சுக்கும். சின்னப் பள்ளத்துல ஸ்பிரிங் அசையறதுக்கு முன்னாடியே அடி நேரா பாடிக்கு வந்துடும். கீழே ஆக்ஸிலும் டிஃப்ரன்ஷியலும் ஒரே கட்டையா கனமா தொங்குது, ஒரு சக்கரம் அடி வாங்கினா மறுபக்கமும் உதறும்.

கடைக்காரர் போடச் சொல்ற லீஃப் எத்தனை கிலோ சுமைக்குன்னு கேட்டீங்களா? ஆஸ்திரேலியாவுல இருந்து வர்ற கிட்டுகள்ல எப்பவும் 300 கிலோ சுமந்துட்டே போற வண்டிக்குன்னு தனி லீஃப் இருக்கும். அங்க பின்னாடி கூண்டு கட்டி, தண்ணித் தொட்டி, அடுப்பு எல்லாம் ஏத்திக்கிட்டு பாலைவனம் போறாங்க, அவங்களுக்கு அது சரி. உங்க காலி வண்டியில போட்டா இப்போ இருக்கறதை விட மோசமாத்தான் தூக்கும். அப்படிப் போட்டுட்டு மாசம் திரும்பறதுக்குள்ள பழைய லீஃபையே மாட்டச் சொல்லி வந்தவங்க என் பட்டறையில பல பேர். இன்னொண்ணு, 2 இன்ச் ஏத்தினா அம்மா வண்டியில ஏறுறதே சிரமம். அதை யோசிச்சீங்களா?

முதல்ல டிரைவர் கதவுத் தூண்ல ஒட்டியிருக்கற காத்து அளவு ஸ்டிக்கரைப் பாருங்க, பின் டயர்ல இப்போ எவ்வளவு காத்து இருக்குன்னும் பாருங்க. அப்புறம் ரெண்டு சிமெண்ட் மூட்டை, 100 கிலோ, கேபினை ஒட்டி வச்சுக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டி அதே ரோட்டுல ஓட்டுங்க. அடி மெத்துனு ஆயிட்டா கோளாறு சுமையில்லாத ஸ்பிரிங்குல. மூட்டை இருந்தும் வேகத்தடை தாண்டி ரெண்டு மூணு தடவை குதிச்சா ஷாக் போயிடுச்சு. இந்தப் பரிசோதனைக்கு ஒரு மணி நேரம் போதும்.

மண்ரோட்டுப்பயணி:
அண்ணா, உங்க அனுபவத்துக்கு மரியாதை உண்டு. ஆனா மூட்டை கட்டிக்கிட்டு ஓட்டச் சொல்றது தீர்வா? டீசலும் கூடச் செலவாகும், பிரேக்குக்கும் பாரம். லீஃப்தான் நோய்னு நீங்களே சொல்றீங்க, அப்போ காயிலுக்கு மாறுறதுதானே மருந்து?

பட்டறைக்காரன்:
மூட்டை பரிசோதனைக்குத்தான், காலம் பூரா கட்டிக்கிட்டுத் திரியச் சொல்லல. காயிலுக்கும் விலை உண்டு தம்பி. 2018ல வந்த ஃபோர்டோட சின்ன பிக்கப் ரேஞ்சர் ராப்டர் காயில்ல அருமையா ஓடுச்சு, ஆனா சாதாரண ரேஞ்சர் 3,500 கிலோ இழுத்த இடத்துல அது 2,500தான் இழுத்துச்சு. நிஸான் நவாராவும் காயிலுக்கு மாறுச்சு. சுமை ஏத்தினா பின்பக்கம் உட்காருதுன்னு ஆஸ்திரேலியாவுல புகார் வந்து, அடுத்தடுத்த மாடல்ல ஸ்பிரிங்கை மாத்த வேண்டியதாப் போச்சு. அதெல்லாம் கம்பெனிக்காரன் சேஸியோட சேர்த்து வடிவமைச்சது. லீஃபுக்குன்னு கட்டின சேஸியில வெளியில காயில் பிராக்கெட் வெல்டிங் வைக்கறதை நான் என் கையால செய்ய மாட்டேன்.

டீசல்வாசி:
சைலன்சரைப் பத்தி யாரும் சரியா பேசலையே. பயணி சொன்ன எஃப்-150 ராப்டர்ல இருக்கறது ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின் (வி6). இவர் வண்டி டர்போ டீசல். புகை வெளியேற்றத்துல பெரிய தடையே டர்போவும் டிபிஎஃப்பும்தான் (டீசல் கரியைப் பிடிக்கற வடிகட்டி). அதுக்குப் பின்னாடி இருக்கற குழாயை மட்டும் அகலமாக்கினா இழுவையில கண்ணுக்குத் தெரியற வித்தியாசம் வராது. வர்றது சத்தம். 1,800, 2,000 ஆர்பிஎம்ல சீராப் போகும்போது கேபினுக்குள்ள 'ம்ம்ம்'னு ஒரு ரீங்காரம் காதை விட்டுப் போகாது. பின் சீட்டுல இருக்கறவங்களுக்குத்தான் அது முதல்ல தலைவலி கொடுக்கும். அம்மாவோட சொகுசுக்காக ஆரம்பிச்ச வேலையில இதுவும் சேரணுமா?

டிபிஎஃப்பையே வெட்டி எடுக்கலாம்னு எவனாவது சொன்னா அந்தக் கடைப் பக்கமே போகாதீங்க. அதுலதான் கரி தேங்கி, 600 டிகிரி பக்கம் சூடாகி எரிஞ்சு வெளியேறுது. எடுத்துட்டா அந்தக் கரியெல்லாம் பின்னாடி வர்றவங்க நெஞ்சுக்குள்ள போகும். சட்டமும் விடாது: மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு இருக்கு, 2019 திருத்தத்துக்கு அப்புறம் அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாசம் வரை சிறைன்னும் இருக்கு.

நீங்க போற ரோடு ஆனைமலை புலிகள் காப்பகம் வழியா. வளைவுல வரையாடு நிக்கும், புதுத்தோட்டத்துல சோலைமந்தி ரோட்டைக் கடக்கும். அந்த மலையில சத்தமா சைலன்சர் கட்டிக்கிட்டு ஏறுறவங்களைப் பார்த்தா எனக்கு வயிறு எரியுது.

மண்ரோட்டுப்பயணி:
காப்பகம்னு நீங்க சொன்னதுக்கு அப்புறம் சைலன்சர் விஷயத்துல நான் வாதாடல. அது வேண்டாம். ஆனா ஷாக் விஷயத்துல பின்வாங்க மாட்டேன். செகண்ட் ஹேண்ட் வண்டி, ஏற்கெனவே எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் அடி வாங்குச்சோ. எண்ணெய் கசியற ஷாக்கை வச்சுக்கிட்டு காத்தைக் குறைச்சா என்ன ஆகும்?

ஆழியார்க்காரன் (பதினாறு நாள் கழிச்சு):
எல்லாருக்கும் நன்றி. நடந்ததை அப்படியே சொல்றேன். பின் டயர்ல 40 பிஎஸ்ஐ இருந்துச்சு. ஸ்டிக்கர்ல காலி வண்டிக்கு 30னு போட்டிருக்கு. பங்க்சர் கடையில எப்பவும் "பிக்கப்தானே"ன்னு 40 அடிச்சு விட்டிருக்காங்க, நானும் பார்க்கல. குறைச்ச அன்னிக்கே டவுன் ரோட்டுல பாதி அடி காணோம்.

அந்த 'டக் டக்' ஷாக்கே இல்ல. சைலன்சரைத் தூக்கிப் பிடிக்கற ரப்பர் ஒண்ணு அறுந்து, பள்ளத்துல இறங்கும்போதெல்லாம் குழாய் சேஸியில இடிச்சிருக்கு. ரப்பருக்கு 220 ரூபாய். கூடவே லீஃப் ஷேக்கிள் புஷ்ஷும் (லீஃபைச் சேஸியோட இணைக்கற இடத்து ரப்பர்) வெடிச்சிருந்தது, மாத்தியாச்சு.

மூட்டை கட்டி மண் ரோட்டுல ஓட்டினேன். அடி மெத்துனு இருந்துச்சு, ஆனா ஒவ்வொரு மேட்டுக்கு அப்புறமும் பின்பக்கம் மூணு தடவை ஆடுது. குனிஞ்சு பார்த்தா வலது பின் ஷாக்குல எண்ணெய் ஒழுகின தடம். பயணி சார் சொன்னது அங்க சரி. ஞாயித்துக்கிழமை அம்மாவைக் கூட்டிட்டுப் போனேன். வால்பாறை வரைக்கும் தூங்கிட்டே வந்தாங்க, எஸ்டேட் ரோட்டுலதான் முழிச்சாங்க.

லிஃப்டும் சைலன்சரும் வேண்டாம்னு கடையில சொல்லிட்டேன். ஷாக் மட்டும், கம்பெனி உயரத்துலயே. நாலும் மாத்தணுமா, பின்னாடி ரெண்டு போதுமா?

மண்ரோட்டுப்பயணி:
நாலும் மாத்துங்க, மோனோ ட்யூப். பின்னாடி புதுசு, முன்னாடி பழசுன்னா வளைவுல வண்டி ஒரு மாதிரி போகும்.

பட்டறைக்காரன்:
பின்னாடி ரெண்டையும் ஜோடியா மாத்துங்க, ஒழுகுறதை மட்டும் தனியா மாத்தாதீங்க. முன் ஷாக்குல கசிவு இருக்கான்னு என் கண்ணால பார்க்காம நாலுக்குப் பணம் செலவழிக்கச் சொல்ல மாட்டேன். மோனோ ட்யூப் எடுத்தா காலி வண்டிக்கு ஏத்த மாதிரி மென்மையானதா கேட்டு வாங்குங்க, அதுலயும் சுமை வண்டிக்கு ஏத்தது தனியா வருது. ஷேக்கிள் போல்ட்டை வண்டி தரையில நிக்கும்போதுதான் கடைசியா முறுக்கணும். ஜாக்குல தூக்கி வச்சு முறுக்கியிருந்தா புது புஷ்ஷும் சீக்கிரமே கிழிஞ்சிடும். யார் மாத்தினாங்களோ அவங்ககிட்ட அதை இன்னைக்கே கேட்டுடுங்க.