ஈரான்காரங்களுக்கு உசுரு எது, குஸ்தியா ஃபுட்பாலா?

கர்லா_செல்வம்:
நேத்து ஒரு தம்பி "ஈரான்ல ஃபுட்பால் தான் எல்லாம், அந்த ஜூர்கானே குஸ்தியெல்லாம் டூரிஸ்ட்டுக்கு காட்டுற ஐட்டம்"னு எழுதியிருந்தாப்ல. ரெண்டு வரில பதில் சொல்ல மனசு வரல, அதான் தனி த்ரெட்.

நாம தெனமும் வாயில வச்சிருக்கற குஸ்தி, பயில்வான் ரெண்டு வார்த்தையுமே பாரசீகத்துல இருந்து வந்தது தான். அவங்க கொஷ்தி, பஹ்லவான்ம்பாங்க. வார்த்தையே இங்க வரைக்கும் நடந்து வந்திருக்குன்னா அந்த விளையாட்டு எவ்வளவு ஆழமா வேர் விட்டிருக்கும்னு யோசிங்க.

ஜூர்கானேன்னா பலத்தோட வீடு, பயில்வானுங்க பழகற கூடம். நடுவுல எட்டு மூலையா ஒரு குழி, அதுக்கு கோத்னு பேரு, சுமாரா ஒரு மீட்டர் ஆழம் இருக்கும். வாசக்கதவை வேணும்னே குட்டையா வைப்பாங்க, எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் தலை குனிஞ்சு தான் உள்ள வரணும். மேல மேடையில மோர்ஷெத்னு ஒருத்தர் தோல் வாத்தியத்தை அடிச்சுக்கிட்டே ஷாநாமா காவியம், ஹாஃபிஸ், சாதிங்கற அவங்க கவிஞருங்க பாட்டுன்னு பாட, கீழ இவங்க அந்த தாளத்துக்கு பலகை மேல கைய ஊனி தண்டால் எடுப்பாங்க, மீல் சுத்துவாங்க (அப்படியே நம்ம கர்லாக்கட்டை தான்), சங்கிலி கோத்த இரும்பு வில்லைத் தலைக்கு மேல தூக்கி இப்படியும் அப்படியும் குலுக்குவாங்க. மோர்ஷெத் பக்கத்துல ஒரு மணி தொங்கும். மரியாதைப்பட்ட பெரிய ஆள் உள்ள வந்தா மட்டும் அதை அடிப்பாரு, பணத்தை வச்சு அதை வாங்க முடியாது. யுனெஸ்கோ 2010-லயே இதைப் பட்டியல்ல சேர்த்தாச்சு.

கணக்கும் சொல்றேன். பாரிஸ் 2024-ல ஈரான் வாங்கின 12 மெடல்ல 8 குஸ்தி, மிச்சம் 4 டேக்வாண்டோ. ஃபுட்பால்ல ஏசியன் கப் கடைசியா ஜெயிச்சது 1976. உலகக்கோப்பைக்கு 2022 வரைக்கும் ஆறு தடவை போயும் ஒரு தடவை கூட முதல் ரவுண்டு தாண்டல. சொல்லுங்க, எது அவங்க விளையாட்டு?

தோஹா_ராஜா:
செல்வம்ணே, நீங்க எழுதினதுல ஒரு தகவல் கூட தப்பு இல்ல, ஆனா மெடலை எண்ணி உசுரை அளக்க முடியாதுண்ணே. நான் கத்தார்ல ஒன்பது வருஷமா இருக்கேன், எங்க வேர்ஹவுஸ்ல ஆபதான் ஊர்க்காரர் ஒருத்தர் இருக்காரு, அம்பது வயசு. 2022 நவம்பர் 25, ஈரான் வேல்ஸ் மேட்ச், அல் ரய்யான்ல அகமது பின் அலி ஸ்டேடியம், நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து தான் போனோம். 90 நிமிஷம் முடிஞ்சும் கோல் இல்ல, எக்ஸ்ட்ராவா ஓடிட்டு இருக்கு, 98-வது நிமிஷம் செஷ்மி தூரத்துல இருந்து ஒண்ணு அடிச்சான் பாருங்க, அடுத்த மூணு நிமிஷத்துல ரெசாயியான் ரெண்டாவது. இவரு என் சட்டையைப் பிடிச்சுக்கிட்டு அழறாரு, எதுக்கு அழறாருன்னு அவருக்கே சொல்லத் தெரியல. அந்த நேரத்துல அவங்க நாட்டுல ரெண்டு மாசமா போராட்டம், சாவு, கைது. முதல் மேட்ச்ல இங்கிலாந்துக்கு எதிரா டீமே தேசிய கீதம் பாடாம நின்னுச்சு. அதையெல்லாம் மனசுல சுமந்துட்டு வந்து அந்த கேலரியில உட்கார்ந்திருந்தாங்க. அந்த அழுகையை நீங்க எந்தக் கணக்குல சேர்ப்பீங்க?

இன்னொண்ணு, ஃபுட்பால் வெள்ளைக்காரன் கொண்டு வந்தது தானேன்னு யாராவது வருவீங்க. ஆமா, ஆபதான் எண்ணெய் ஆலைக்கு வந்த இங்கிலீஷ்காரங்க ஆடினது தான், பக்கத்துல நின்னு பார்த்த கூலிக்காரங்க பசங்க புடிச்சுக்கிட்டாங்க. இன்னைக்கு அந்த ஊர் டீம் மஞ்ச ஜெர்சி போட்டு ஆடுது, ஆபதானை பிரேசில்னு தான் சொல்லிக்குவாங்க. நூறு வருஷம் ஆச்சுண்ணே. நூறு வருஷம் நம்ம வீட்ல இருந்தவனை விருந்தாளின்னு சொல்லுவோமா?

வைகை_ஜெயந்தி:
ரெண்டு பேருக்கும் வணக்கம். நான் 2017-ல ஈரான் போயிருக்கேன், யஸ்த் ஊர்ல ஒரு ஜூர்கானே பார்த்தேன். பழைய காலத்து தண்ணித் தொட்டிக் கட்டடம், மேல காத்து புடிக்கிற கோபுரங்க, உள்ள குவிமாடம். செல்வம் தம்பி எழுதினது அத்தனையும் உண்மை. மோர்ஷெத் குரலெடுத்துப் பாட ஆரம்பிச்சதும் அந்த குவிமாடத்துல பட்டு திரும்பி வர்ற சத்தத்துல எனக்கு நெஞ்சு அடைச்சிருச்சு, பாஷை ஒரு எழுத்து தெரியாது. பன்னெண்டு வயசுப் பையன் ஒருத்தன் கைய விரிச்சு தட்டாமாலை மாதிரி சுத்தறான், சுத்தி முடிச்சு தள்ளாடும்போது பக்கத்துல நின்ன தாத்தா தோளைப் புடிச்சு நிறுத்தறாரு.

ஆனா அந்த பெஞ்சுல உட்கார்ந்திருந்த பொம்பளைங்க அத்தனை பேரும் வெளிநாட்டுக்காரங்க. அந்த ஊர்ப் பொண்ணு ஒருத்தி கூட இல்ல. எனக்கு டிக்கெட் குடுத்தாங்க, ஏன்னா நான் வேத்தாளு.

இதை ஏன் சொல்றேன்னா, ஈரான் பொண்ணுங்க எந்த வாசல்ல போய் நின்னாங்கன்னு பாருங்க. 1997 நவம்பர்ல மெல்போர்ன்ல ஆஸ்திரேலியா கூட ரெண்டுக்கு பூஜ்யம் பின்னாடி இருந்து கடைசி இருபது நிமிஷத்துல பாகேரி ஒண்ணு, அசிசி ஒண்ணுன்னு போட்டு உலகக்கோப்பைக்குப் போனாங்கல்ல, அந்த டீம் திரும்பி வந்தப்ப ஆசாதி ஸ்டேடியத்துல வரவேற்பு வச்சாங்க, பொம்பளைங்க வீட்ல டிவில பாருங்கன்னாங்க. ஆயிரக்கணக்குல பொண்ணுங்க கேட்டைத் தள்ளிக்கிட்டு உள்ள போயிட்டாங்க. அப்புறம் 2019-ல, எஸ்தெக்லால்ங்கற தெஹ்ரான் க்ளப் மேட்ச் பார்க்க ஆம்பள வேஷத்துல போய் மாட்டின ஒரு பொண்ணு, ஜெயில் தண்டனை வரும்னு பயந்து கோர்ட்டு வாசல்ல தீ வச்சுக்கிட்டு செத்தா. அவ டீமோட கலரை வச்சு "நீலப் பொண்ணு"ன்னு உலகமே பேசுச்சு. அடுத்த மாசம் கம்போடியா மேட்ச்சுக்கு மூவாயிரத்து சொச்சம் பொண்ணுங்களை டிக்கெட் வாங்கி உள்ள விட்டாங்க, 14-0 ஜெயிச்சாங்க. ஜூர்கானே வாசல்ல அப்படி யாரும் உசுரைக் குடுத்து நிக்கல. எனக்கு இது பெரிய வித்தியாசமா படுது.

கர்லா_செல்வம்:
அக்கா, இதுக்கு என்கிட்ட சட்டுனு பதில் இல்ல. நான் ஆம்பளயா நின்னு பார்த்துட்டேன், அந்தப் பக்கத்தை யோசிக்கல. ஆனா தடை போட்டது சர்க்கார், அந்தக் குழி இல்ல. அரசாங்கம் கைல புடிக்காத விளையாட்டு அங்க எது இருக்கு?

ராஜா, நீங்க 2022 சொன்னீங்க. நான் 1998 சொல்றேன். அமெரிக்காவும் ஈரானும் லியோன்ல ஜூன் 21 ஃபுட்பால் ஆடினது, ஈரான் ப்ளேயர்ஸ் வெள்ளை ரோஜா குடுத்தது, எஸ்தீலியும் மஹ்தவிகியாவும் கோல் போட்டு 2-1 ஜெயிச்சது எல்லாருக்கும் தெரியும். அதுக்கு நாலு மாசம் முன்னாடியே பிப்ரவரில அமெரிக்க குஸ்தி டீம் தெஹ்ரானுக்கே போச்சு. 1979-க்கு அப்புறம் அங்க போன முதல் அமெரிக்க விளையாட்டு டீம் அது தான். தெஹ்ரான் கூட்டம் அவங்களுக்குக் கை தட்டுச்சு. போட்டி பேரு என்ன தெரியுமா? தக்தி கோப்பை. 2013-ல ஒலிம்பிக்ஸ்ல இருந்து குஸ்தியைத் தூக்கப் பார்த்தப்ப கூட அமெரிக்கா, ரஷ்யா, ஈரான் மூணும் ஒரே பக்கம் நின்னுச்சு. கதவைத் திறந்தது எங்காளுங்க, ரோஜா குடுத்தவங்க பின்னாடி வந்தாங்க.

கபடி_முருகேசன்_தேனி:
ரெண்டு பக்கமும் தெஹ்ரானையே சுத்திட்டு இருக்கீங்க. அங்க கிராமத்துல என்ன ஆடறாங்கன்னு யாராவது பேசுங்கய்யா. மாசந்தரான் பக்கம் லோச்சோன்னு குஸ்தி இருக்கு, ஜெயிச்சவனுக்கு கிடா. வடக்கு கொராசான்ல எஸ்ஃபராயென்னு ஒரு ஊர், அங்க நவ்ரூஸ்ங்கற புத்தாண்டு சமயத்துல சொக்கேங்கற மேலங்கியைப் போட்டுக்கிட்டு அதைப் புடிச்சு ஆடற குஸ்தி, மலைச்சரிவு முழுக்க ஜனம் உட்கார்ந்து பார்க்கும், அங்கயும் கிடா தான் பரிசு. நம்ம ஊர் திருவிழால கபடிக்கு கிடா கட்டுறவங்களுக்கு இது புரியும்.

கபடியும் அவங்ககிட்ட பழசு தான், மூச்சு விடாம "ஸூ"ன்னு இழுத்துக்கிட்டே ஓடற ஆட்டம், பேரே ஸூ. 2018 ஜகார்த்தா மறக்க முடியுமா? 1990-ல இருந்து தங்கத்தை விட்டே குடுக்காத இந்தியாவை செமில 27-18 அடிச்சாங்க, பொண்ணுங்க ஃபைனல்லயும் இந்தியாவை 27-24. அன்னைக்கு எங்க ஊர்ல டீக்கடையில யாரும் பேசல. ஃபசல் அத்ராச்சலி கோர்கான்காரரு, லெஃப்ட் கார்னர்ல நின்னு கணுக்காலைப் புடிச்சார்னா ரைடர் அங்கயே உட்கார்ந்துருவான். ப்ரோ கபடில ஒரு கோடியைத் தொட்ட முதல் ஆள் அவரு தான். அந்தப் புடி எங்கருந்து வந்துச்சுன்னு நினைக்கறீங்க, மண்ணுல குஸ்தி பார்த்து வளர்ந்த நாட்டுல இருந்து வந்துச்சு. எஸ்ஃபஹான்ல பழைய போலோ மைதானத்தோட கல் தூண் இன்னமும் சதுக்கத்துல நிக்குது, அந்த விளையாட்டு எங்க போச்சு? ராஜா குதிரை போயிருச்சு, போலோவும் முக்காவாசி போயிருச்சு. குஸ்திக்கு உடம்பு போதும், அதான் நிக்குது.

தோஹா_ராஜா:
முருகேசண்ணே, ஃபுட்பாலுக்கும் ஒரு பந்தும் ஒரு சந்தும் போதும்ணே, ஆபதான் வெயில்ல வெறுங்கால்ல ஆடி வந்தவங்க தான் எல்லாரும்.

செல்வம்ணே தக்தி பேரை எடுத்துட்டீங்க, அதனால பேசிருவோம். தெரியாதவங்களுக்கு: குலாம்ரெசா தக்தி, தெஹ்ரான் கானியாபாத் ஏழை வீட்டுப் பையன், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்ஸ்ல குஸ்தி தங்கம், 52-லயும் 60-லயும் வெள்ளி. பிரதமரா இருந்த மொசாதெக் பக்கம் நின்னவரு, ராஜாவா இருந்த ஷாவுக்குப் புடிக்காது. 1968 ஜனவரி 7 ஒரு ஹோட்டல் ரூம்ல செத்துக் கிடந்தாரு, தற்கொலைன்னாங்க, ஜனம் இன்னைக்கு வரைக்கும் முழுசா நம்பல. அதே வருஷம் மே 19, தெஹ்ரான் அம்ஜதியே ஸ்டேடியம், ஏசியன் கப் கடைசி ஆட்டம், ஈரான் இஸ்ரேலை 2-1. முந்தின வருஷம் தான் ஆறு நாள் யுத்தம், ஊரே ரோட்ல. நான் என்ன சொல்றேன்னா, பயில்வானைப் புதைச்சு நாலு மாசத்துல ஜனங்க மனசு ஸ்டேடியத்துக்கு மாறிருச்சு. அதுக்கப்புறம் அந்த மாதிரி ஒரு குஸ்திக்காரரை அவங்க தூக்கி வைக்கல.

அப்புறம் ஜூர்கானேவை ரொம்ப புனிதமாவும் பேச வேணாம். ஷாபான் ஜாஃபரின்னு ஒரு அடியாள், அவனும் அந்தக் குழியில வளர்ந்தவன் தான். 1953-ல மொசாதெக்கைக் கவுத்த கூட்டத்தோட நின்னவன், அப்புறம் ஷா தயவுல பெரிய ஜூர்கானேவே நடத்துனான்.

கர்லா_செல்வம்:
ஷாபான் விஷயம் உண்மை, மறைக்கல. ஜனங்க அவனை என்ன பேர்ல கூப்பிட்டாங்க தெரியுமா, "மூளையில்லாத ஷாபான்". ஒரே குழியில இருந்து வந்த ரெண்டு பேர்ல ஒருத்தனை அப்படிக் கூப்பிட்டு இன்னொருத்தரை ஜஹான் பஹ்லவான், உலகப் பயில்வான்னு கூப்பிட்டாங்க. அந்தத் தராசு அவங்க கைல இருக்குல்ல, அதைத் தான் நான் உசுருங்கறேன்.

1962 செப்டம்பர், புயின் சஹ்ராவுல நிலநடுக்கம், பன்னெண்டாயிரத்துக்கு மேல சாவு. தக்தி தெஹ்ரான் ரோட்ல இறங்கி நடந்தாரு. கடைக்காரங்க கல்லாவுல இருந்து எடுத்துக் குடுத்தாங்க. சர்க்காரை நம்பாத ஜனம் அவரு கைய நம்புச்சு.

தோஹா_ராஜா:
2017 நவம்பர், கெர்மான்ஷா பக்கம் நிலநடுக்கம். அப்ப பணம் திரட்டினது யாருண்ணே? அலி தாயி. ரொனால்டோ 2021-ல தாண்டற வரைக்கும் சர்வதேச கோல் சாதனை வச்சிருந்த ஃபுட்பாலர். அப்பவும் இதே தான், ஜனங்க சர்க்கார்கிட்ட குடுக்காம அவர்கிட்ட குடுத்தாங்க. 2022 போராட்டத்துல வாய் தொறந்ததுக்கு அவரு கடையைப் பூட்டினாங்க. எஸ்தெக்லால் கேப்டனா இருந்த வொரியா கஃபூரி, குர்து ஆளு, உலகக்கோப்பை நடக்கும்போதே கைது. எல்லாம் ஃபுட்பால்காரங்க.

கர்லா_செல்வம்:
2020-ல ஷிராஸ்ல தூக்குல போட்ட நவீத் அஃப்காரி குஸ்திக்காரன். 27 வயசு. அதையும் எழுதிக்கங்க.

தாயியை அந்த மக்கள் எப்படிப் பார்த்தாங்க? ஒரு பயில்வான் செய்ய வேண்டியதை செஞ்சாருன்னு தான். ஆடினது பந்து, ஆனா அளந்தது தக்தியை வச்சு.

வைகை_ஜெயந்தி:
ராஜா, செல்வம் சொன்ன இந்த இடம் எனக்கு சரின்னு படுது. 2022-ல அமெரிக்கா கூட தோத்தப்ப சனந்தஜ் மாதிரி குர்து ஊர்கள்ல ஜனம் ரோட்டுக்கு வந்து கொண்டாடுச்சே, சொந்த டீம் தோத்ததுக்கு. அந்த டீம் உலகக்கோப்பைக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி ஜனாதிபதியைப் போய்ப் பார்த்துச்சு, அது மக்களுக்கு ஆறல. வெறும் ஆட்டமா இருந்தா இவ்வளவு கோவம் வராது. ஆனா செல்வம், அந்தத் தராசை இப்ப தூக்கிப் புடிக்கிறவங்கள்ல பாதி பேர் பொண்ணுங்க. அவங்க அதை ஜூர்கானேவுல கத்துக்கல, உள்ளயே விடலையே. ஸ்டேடியம் கேட்டுல நின்னு கத்துக்கிட்டாங்க.

தோஹா_ராஜா:
இதை அப்படியே எங்க ஆபதான்காரர்கிட்ட இன்னைக்கு லஞ்ச்ல கேட்டேன். தக்தி பேரைச் சொன்னதும் கரண்டியைக் கீழ வச்சுட்டாரு. ஆனா அவரு அப்பா குஸ்தி பார்க்க என்னைக்கும் கூட்டிட்டுப் போனதில்லையாம், வாரா வாரம் பந்து தான். நான் என் பக்கத்துலயே இருக்கேன்ணே, மாறல.

கர்லா_செல்வம்:
மாற வேணாம் ராஜா. ஜெயந்தி அக்கா, ஒண்ணு கேக்கணும். அந்த யஸ்த்ல மீல் எத்தனை கிலோ இருக்கும்? என்கிட்ட இருக்கறது எட்டு கிலோ ஜோடி, படத்துல பார்த்தா அதெல்லாம் ரொம்பப் பெருசா தெரியுது.

வைகை_ஜெயந்தி:
கிலோ கேட்டுக்கல தம்பி. முடிஞ்சதும் ஒண்ணைத் தொட்டுப் பார்க்கக் குடுத்தாங்க, ரெண்டு கைலயும் புடிச்சு முழங்கால் வரைக்கும் தான் தூக்க முடிஞ்சுது. அந்த தாத்தா அதையே ஒரு கைல வாங்கி தோள் மேல படுக்க வச்சு, முதுகுப் பக்கம் எப்படி இறக்கணும்னு மெதுவா மூணு தடவை காட்டினாரு. பிடி வழவழன்னு தேஞ்சு போயிருந்துச்சு.