25 சொல்லா, 50 சொல்லா? அம்மாவின் காதுச் சோதனை

அம்மாவுக்குச் சத்தம் கேட்கும், சொல் பிடிபடாது. "ஏதோ பேசுறே, என்னன்னுதான் தெரியலை" என்பார். சொற்களைக் கேட்கவைத்துத் திருப்பிச் சொல்லச் சொல்லும் சொல்லறிதல் சோதனையில் போன வருடம் வலது காதுக்கு 84 சதவீதம், இந்த வருடம் 72. ஒரே வருடத்தில் இவ்வளவு இறங்கிவிட்டதே என்று எனக்குத் தூக்கமே போய்விட்டது.

அப்புறம்தான் அறிக்கையை நிதானமாகப் படித்தேன். இரண்டு முறையும் 25 சொற்கள்தான் போட்டிருக்கிறார்கள். ஒரு சொல்லுக்கு 4 சதவீதம். போன முறை 21 சரி, இந்த முறை 18. வெறும் மூன்று சொல்! ஆடியாலஜிஸ்டிடம் (செவித்திறன் நிபுணர்) பேசி, பதிவுசெய்த குரலில் முழு 50 சொற்களையும் வைக்கச் சொன்னேன். 39 சரி, 78 சதவீதம். உங்களில் யாருக்காவது இப்படி நடந்ததா?

மறுமொழி 1
நான் ஆடியாலஜிஸ்ட். மூன்று சொல் வித்தியாசத்தை வைத்து காது கெட்டுவிட்டது என்று சொல்லவே கூடாது. எவ்வளவு வித்தியாசம் தற்செயலாக வரலாம் என்பதற்கு தார்ன்டன், ராஃபின் என்ற ஆய்வாளர்கள் 1978-லேயே அட்டவணை தந்துவிட்டார்கள். 25 சொல்லில் 80 சதவீதம் எடுத்தவர் அடுத்த முறை 60 எடுத்தாலும் அது தற்செயலாக இருக்கலாம். 50 சொல்லில் அதே 80 அறுபதாக இறங்கினால் உண்மையான மாற்றம் என்று எடுத்துக்கொள்வேன்.

அதற்காகச் சுருக்கச் சோதனையே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். கடினமான 10 சொற்களை முதலில் வைக்கும் பட்டியல் இருக்கிறது. அதில் ஒன்றுக்கு மேல் தவறாவிட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். தவறினால் 25, அதிலும் மூன்றுக்கு மேல் போனால் 50. சாதாரணப் பட்டியலில் முதல் பத்தை மட்டும் கேட்டுவிட்டு எழுந்துகொள்வது வேறு விஷயம், அதை நான் ஏற்க மாட்டேன்.

மறுமொழி 2
என் அப்பாவுக்கு நேர்மாறு. இரண்டு காதுக்கும் சேர்த்து 100 சொல். பாதியிலேயே களைத்து, பதில் சொல்வதையே விட்டுவிட்டார். மறுநாள் இரண்டாவது காதை மட்டும் தனியாகப் பார்த்தார்கள், மதிப்பெண் நன்றாக ஏறியது. வயதானவர்களுக்கு நடுவில் ஓய்வு கேளுங்கள்.

மறுமொழி 1
சரியாகச் சொன்னீர்கள். ஒரு காது மட்டும் மற்றதைவிடத் தெளிவாகக் குறைந்தால் மட்டும், எத்தனை நாள் ஆனாலும் முழுப் பட்டியலையும் முடித்துவிடுங்கள். காது நரம்பில் கட்டி இருக்கிறதா என்று எம்ஆர்ஐ எடுக்கலாமா என்பதை முடிவுசெய்ய அந்த எண்ணும் உதவும்.