இருவரும் ஆய்வு மாணவர்களாக இருந்து நடத்திய குடித்தனம்: மனத்தை விட்டு அகலாத ஒரு சந்திப்பைப் பகிருங்கள்

தரமணி ஆய்வாளர்:

கணவன், மனைவி இருவருமே முனைவர் பட்ட ஆய்வில் இருந்துகொண்டு சென்னையில் வீடு தேடியவர்களுக்கு நான் சொல்லப்போவதில் பாதி ஏற்கெனவே தெரிந்திருக்கும். விடுதி அறைகளைக் காலி செய்தாகிவிட்டது, மணமான மாணவர்களுக்கான குடியிருப்பில் இடம் கிடைக்கவில்லை, தரமணிக்கும் வேளச்சேரிக்கும் இடையில் ஒரு போர்ஷன் பிடித்துப்போய் டோக்கன் அட்வான்ஸும் கொடுத்திருந்தோம். மீதித் தொகையை எடுத்துக்கொண்டு போன மாலையில்தான் வீட்டுக்கார அம்மா, "ரெண்டு பேரும் எந்த கம்பெனி?" என்று கேட்டார். இருவருக்கும் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) வருகிறது என்றும், 2023 ஜனவரி முதல் அது ஆளுக்கு மாதம் 37,000 ரூபாய் என்றும் என் கணவர் பொறுமையாக விளக்கினார். "அது சம்பளம் இல்லையேப்பா, படிக்கிறதுக்குக் குடுக்கிற காசுதானே, உங்க அப்பா யாராச்சும் வந்து கையெழுத்துப் போடுவாங்களா?" என்றார் அவர். இரண்டு முதுகலைப் பட்டங்களை முடித்து, திருமணமும் செய்துகொண்டு, என் பெயரில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுக்க ஊரிலிருந்து அப்பா வர வேண்டும் என்பதை நான் ஏற்கவில்லை.

இன்றும் என்னால் மறக்க முடியாதது அதற்குப் பிறகு நடந்ததுதான். அவர் உள்ளே போய் ஒரு தட்டில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், ஒரு முழம் மல்லிகை எல்லாம் வைத்துக்கொண்டு வந்தார். அந்தத் தட்டில் வெற்றிலைக்கு அடியில், நாங்கள் கொடுத்த டோக்கன் பணம் மடித்து வைக்கப்பட்டிருந்தது. "புதுப் பொண்ணு, முதல் தடவை வீட்டுக்கு வந்திருக்கே, வெறுங்கையோட போகக் கூடாதும்மா" என்று நெற்றியில் குங்குமமும் வைத்துவிட்டார். அந்த அன்பில் பொய் இல்லை. மருமகளாக அந்த வீட்டு வாசலில் எனக்குக் கிடைத்த மரியாதை, வாடகை கொடுக்கக்கூடிய ஒரு மனுஷியாக எனக்குக் கிடைக்கவில்லை. உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

நீலப் பாக்கெட்:

வீட்டுக்காரர் பக்கத்திலிருந்தும் ஒன்று சொல்ல வேண்டும். அந்த அம்மாவின் பயம் காரணமில்லாதது அல்ல. ஃபெல்லோஷிப் மாதாமாதம் முதல் தேதியன்று வந்து விழுகிற பணம் இல்லை என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். வருகைப் பதிவில் நெறியாளர் கையெழுத்து, பிறகு துறைத்தலைவர், பிறகு இணையத்தில் சரிபார்ப்பு என்று போய், எங்கோ ஒரு மேசையில் நின்றுவிட்டால் மாதக் கணக்கில் கைக்கு ஒன்றும் வராது. வரும்போது நிலுவை மொத்தமாக வரும். அந்த இடைவெளியைக் கடத்துவதுதான் எங்கள் குடித்தனத்தின் முதல் பாடமாக இருந்தது.

எனக்கும் என் மனைவிக்கும் ஒரே நேரத்தில் பணம் நின்றுபோன ஒரு காலத்தில், தெருமுனை அண்ணாச்சி கடையில் நோட்டில் எழுதித்தான் சாமான் வாங்கினோம். எப்போதும் பச்சை ஆவின் வாங்குகிற நாங்கள், ஒரு நாள் முதல் விலை குறைந்த நீல பாக்கெட்டுக்கு மாறினோம். அதுவும் அரை லிட்டரோடு நிறுத்திக்கொண்டோம். ஒரு வாரம்கூட ஆகியிருக்காது, அண்ணாச்சி ஒன்றும் பேசாமல் என் மனைவியின் பையில் பச்சை பாக்கெட்டை வைத்து, நோட்டைத் திறக்காமலே அடுத்த ஆளைக் கவனிக்கத் தொடங்கினார். என் மனைவி அந்த பாக்கெட்டை எடுத்துக் கடைப்பலகைமேல் வைத்து, "எழுதுங்க அண்ணாச்சி, எழுதினாத்தான் எடுத்துப்பேன்" என்றாள். கடையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் அவளை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு நோட்டைத் திறந்து, எங்கள் பக்கத்தில், பச்சைக்கான விலையையே முழுதாக எழுதினார். அன்றுமுதல் நிலுவை வரும்வரை பச்சைதான் வாங்கினோம். வருமானச் சான்று எதையும் கேட்காமல் எங்களை நம்பிய மனிதர் இந்த ஊரில் அவர் ஒருவர்தான். அவர் அன்று எழுதாமல் விட்டிருந்தால் நாங்கள் வேறு கடைக்குப் போயிருப்போம் என்பதையும் அவர் புரிந்துகொண்டார் என்றே நான் நம்புகிறேன்.

இரவு ஸ்லாட்:

பணத்தைப் பற்றி மேலே எழுதிய இருவருக்கும்: பணம் தாமதமாகவாவது வந்துவிடும். எங்களுக்கு நடந்தது வேறு.

நானும் என் கணவரும் ஒரே ஆய்வகம், ஒரே நெறியாளர். கருவி நேரம் பகலில் கிடைப்பது அரிது என்பதால் நான் பெரும்பாலும் இரவு ஸ்லாட்டில் வேலை செய்தேன். திருமணத்துக்கு முன்பே நாங்கள் பேசி முடிவு செய்தபடி, காலைச் சமையலும் இரண்டு டிபன் பாக்ஸும் அவர் பொறுப்பு, மாலைச் சமையலும் துணி துவைப்பதும் என் பொறுப்பு. இது எங்கள் ஆய்வகத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அவருடைய வெங்காயச் சாம்பாருக்கு அங்கே நல்ல பெயரும் இருந்தது.

கல்யாணப் பத்திரிகை வைக்க இருவரும் சேர்ந்துதான் நெறியாளரின் அறைக்குப் போனோம். அவர் எழுந்து நின்று என் கணவரின் கையைக் குலுக்கி, "இனிமேல் வேளாவேளைக்குச் சாப்பாடு கிடைக்கும், கட்டுரையும் வேகமாக வரும்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "சினாப்சிஸ் (ஆய்வுச் சுருக்கம்) எப்போது கொடுப்பதாக உத்தேசம்? அதற்குள் வேறு திட்டம் ஏதும் இல்லையே?" என்று கேட்டார். ஒரே அறையில், ஒரே பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு, அரை நிமிட இடைவெளியில் சொல்லப்பட்ட இரண்டு வாக்கியங்கள் அவை. காலைச் சமையலும் இருவருக்குமான டிபன் பாக்ஸும் தன் பொறுப்புதான் என்று என் கணவர் உடனே சொன்னார். நெறியாளர் அதைப் பணிவு என்று எடுத்துக்கொண்டு அவரைத் தட்டிக்கொடுத்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை, என் கட்டுரைகளை வரிவரியாகத் திருத்திக் கொடுத்தவர். அதனால்தான் அந்த வாக்கியம் இன்னும் உறுத்துகிறது. வேறு யாராவது சொல்லியிருந்தால் வாசலைத் தாண்டும்போதே மறந்திருப்பேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், திருவல்லிக்கேணி:

நானும் என் துணைவியாரும் 1980-களில் இதே நிலையில் இருந்தவர்கள். அவர் சேப்பாக்கத்தில் பல்கலைக்கழக நூலகத்திலும், நான் எழும்பூரில் கன்னிமாராவிலும் படித்துவிட்டு, மாலையில் கடற்கரைச் சாலையில் சந்தித்து ஒன்றாக வீட்டுக்கு நடப்போம். ஒரு நாள் எங்கள் அறைக்குக் கீழே அச்சகம் வைத்திருந்த பெரியவர், விளக்கு வெகுநேரம் எரிவதைப் பார்த்துவிட்டு, எங்களுக்குள் சண்டையோ என்று கவலைப்பட்டு மேலே ஏறி வந்துவிட்டார். நாங்கள் அடிக்குறிப்புகளை ஒப்புநோக்கிக்கொண்டிருந்தோம் என்று சொன்னபோது அவர் நம்பவில்லை.

இளையவர்களுக்குச் சிலவற்றைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். தரமணி ஆய்வாளர் அம்மா, தமிழ்நாட்டில் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்த 2017-இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும், ஒப்பந்தத்தில் வேறுவிதமாக ஒப்புக்கொள்ளாதவரை முன்பணம் மூன்று மாத வாடகை என்பதே சட்டம் சொல்லும் அளவு. சென்னையில் பத்து மாதம் கேட்பது வழக்கமாக இருந்துவிட்டதால் அது நியாயமாகிவிடாது. வீடு பார்க்கப் போகும்போதே இருவருடைய ஃபெல்லோஷிப் ஆணை, திருமணப் பதிவுச் சான்றிதழ், நிறுவன அடையாள அட்டை மூன்றையும் நகலெடுத்துக்கொண்டு போங்கள். நிறுவனம் விடுதி கொடுக்காதபோது விதிப்படி வீட்டு வாடகைப்படி (எச்.ஆர்.ஏ.) கேட்கலாம். பலர் கேட்பதே இல்லை.

நீலப் பாக்கெட் தம்பி, உங்கள் இருவரின் பணமும் ஒரே வழியில் வருவதால் ஒரே நேரத்தில் நிற்கும். ஆகவே நிலுவை வரும்போது அதில் மூன்று மாத வாடகையை ஒதுக்கி, இருவர் பெயரிலும் உள்ள கூட்டுக்கணக்கில் போட்டுவிட்டு அதை மறந்துவிட வேண்டும். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதால், துணைவியார் போக வரும் செலவை அடியோடு குறைக்கலாம். வீட்டில் இரண்டு மேசை போட இடமில்லாதவர்களுக்குக் கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்த நூல்களைக் கொண்டுபோய்ப் படிக்கத் தனிப் பகுதியே இருக்கிறது. சண்டை வரும் நாளில் ஒருவர் அங்கே போய்விடுவது இருவருக்கும் நல்லது.

இரவு ஸ்லாட் அம்மா, நெறியாளரின் சொல்லைப் பெரிதுபடுத்தாதீர்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு விதிமுறைகளில் பெண் ஆய்வாளர்களுக்கு, ஆய்வுக்காலம் முழுமைக்குமாக 240 நாள்வரை மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பு இருக்கிறது. ஆறு ஆண்டு உச்சவரம்புக்கு மேல், மறுபதிவு செய்து எல்லோரும் பெறக்கூடிய இரண்டு ஆண்டோடு, பெண்களுக்குக் கூடுதலாக இன்னும் இரண்டு ஆண்டு அவகாசம் கிடைக்கலாம். சட்டம் உங்கள் பக்கம் இருக்கும்போது குழந்தையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. எங்கள் மூத்த மகள் பிறந்தபோது என் துணைவியார் மூன்றாம் இயலில் இருந்தார்.

பழைய வேளச்சேரி:

ஐயா, உங்கள்மேல் மதிப்பு இருக்கிறது, ஆனால் குழந்தை எப்போது என்று இங்கே யாரும் கேட்கவில்லை. வாடகைச் சட்டத்தைப் பொறுத்தவரை, மூன்று மாத முன்பணம் என்று நாங்கள் வாய் திறந்த வீடுகளில் எல்லாம் மறுநாள் அந்த வீடு "வேற பார்ட்டிக்கு முடிஞ்சுபோச்சு" என்று புரோக்கரிடமிருந்து பதில் வந்தது. அந்தச் சட்டத்தைச் சொல்லி வழக்காடலாம். சனிக்கிழமைக்குள் சாமான் இறக்க ஒரு வீடு கிடைக்காது. இதைச் சட்டம் தெரியாதவர்களின் கோழைத்தனம் என்று நினைக்காதீர்கள்.

நான் எழுத வந்தது 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலைப் பற்றி. வேளச்சேரியில் அந்த நாட்களில் இருந்தவர்களுக்குத் தண்ணீரைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய பள்ளத்தில் தெருக்களைப் போட்டுவிட்டு, தண்ணீர் எங்கே போகும் என்று ஒவ்வோர் ஆண்டும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். நாங்கள் முதல் மாடியில் இருந்தோம். என் மனைவி நொச்சிக்குப்பத்து மீனவப் பெண்களிடம் எடுத்த நேர்காணல்கள் முழுதும் ஒரே வன்தட்டில் இருந்தன, நகல் இருந்த கணினியோ நிறுவனத்தில் தரைத்தளத்தில் இருந்தது. மின்சாரம் போய்விட்டது, கைப்பேசிகள் அணைந்துகொண்டிருந்தன, கூரையில் ஒழுகத் தொடங்கியது. அவள் வன்தட்டையும் கைப்பட எழுதிய களக்குறிப்பு நோட்டுகளையும் பிளாஸ்டிக் பையில் சுற்றி, பெரிய பிரஷர் குக்கருக்குள் வைத்து, கேஸ்கெட்டைப் போட்டு மூடி, பரண்மேல் ஏற்றச் சொன்னாள்.

அந்த நேரத்தில்தான் கீழ் வீட்டுப் பாட்டி, தண்ணீர் படிக்கட்டில் ஏறியதும், எங்கள் கதவைத் தட்டினார். அதுவரை எங்களோடு அவர் நன்றாகப் பேசியதே இல்லை. காலையில் இருவரும் கிளம்பிப் போய் இரவில் திரும்புகிற, வாசலில் கோலம் போடாத வீடு என்பது அவருடைய நீண்டநாள் குறை. இடுப்புவரை நனைந்திருந்தவர், கையில் இருந்த துணிப்பையை மட்டும் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். நாற்காலியில் உட்காரச் சொன்னபோது உட்காரவில்லை. நான் ஸ்டூலில் ஏறிக் குக்கரைப் பரணில் வைப்பதைப் பார்த்துவிட்டு, "அதுல என்னடி வெச்சிருக்கே?" என்று என் மனைவியைக் கேட்டார். "என் படிப்பு பாட்டி, அஞ்சு வருஷத்துப் படிப்பு" என்றாள் அவள். பாட்டி கொஞ்சம் யோசித்துவிட்டு, துணிப்பையிலிருந்து தன் வீட்டுப் பத்திரத்தை எடுத்து நீட்டி, "அப்ப இதையும் அதுலயே வெச்சிடு" என்றார். நான் குக்கரை மறுபடியும் இறக்கினேன். கணவர் பெயரிலிருந்து தன் பெயருக்கு மாற்றிய பத்திரம், முப்பது ஆண்டுகளாகப் பீரோவை விட்டு வெளியே வராதது என்று பிறகு சொன்னார்.

மின்சாரம் திரும்பும்வரை மூவரும் அந்த ஒற்றை அறையில்தான் இருந்தோம். பாட்டி கட்டிலில் படுத்தார், நாங்கள் தரையில். கோலத்தைப் பற்றி அவர் அதற்குப் பிறகும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்.

இரவு ஸ்லாட்:

ஆசிரியர் ஐயாவுக்கு ஒரு பதில். 240 நாள் விடுப்பு இருப்பது எனக்குத் தெரியும், விதியை அச்செடுத்தே வைத்திருக்கிறேன். அந்த விடுப்பும் கூடுதல் இரண்டு ஆண்டும் தகப்பனாகும் ஆய்வாளருக்கு அதில் இல்லை என்பதை நீங்கள் கவனிக்கவில்லை. இருவரும் ஆய்வாளர்களாக இருக்கிற வீட்டில் அதன் விளைவு என்ன என்பதை எங்களுக்கு முதலில் புரியவைத்தவர் எங்கள் ஆராய்ச்சிப் பிரிவு அலுவலகத்தில் இருந்த ஓர் அக்கா.

நான் விதிமுறையைக் கேட்கத் தனியாகத்தான் போயிருந்தேன். "உங்க வீட்டுக்காரரும் ஸ்காலரா?" என்று கேட்டவர், ஆமாம் என்றதும் அவரையும் கூப்பிடச் சொன்னார். இருவரின் பதிவு தேதிகளையும் ஒரே தாளில் மேலும் கீழுமாக எழுதி, ஆறு ஆண்டு முடிகிற இடங்களில் கோடு போட்டார். "உனக்கு லீவு இருக்கு, நீட்டிப்பு இருக்கு. இந்த விதியில அவருக்கு அந்த லீவும் இல்ல, அந்தக் கூடுதல் ரெண்டு வருஷமும் இல்ல. குழந்தை பொறந்தப்புறம் அவர் வீட்டுல நின்னாருன்னா இந்தக் கோடு அவரைத்தான் முதல்ல பிடிக்கும். அதனாலதான் பொண்ணுங்களே நின்னுடறாங்க, அவங்களுக்குத்தானே லீவு இருக்குன்னு எல்லாரும் சொல்லிடறாங்க" என்றார். நெறியாளரின் அந்த வாக்கியம் எங்கிருந்து பிறக்கிறது என்பது அந்தத் தாளைப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது. தகப்பனாகப்போகும் ஆய்வாளருக்கு நாலு வாரமாவது எழுத்தில் இருந்தால், எங்கள் அறையில் அன்று இருவரிடமும் ஒரே கேள்வி கேட்கப்பட்டிருக்கும்.

அந்தத் தாளை வைத்துக்கொண்டு நாங்கள் எடுத்த முடிவு, என் கணவர் முதலில் சமர்ப்பிப்பது, அவருடைய வைவா (வாய்மொழித் தேர்வு) முடிந்த பிறகே நான் விடுப்புக்கு விண்ணப்பிப்பது என்பதுதான். அதுவரை என் இரவு ஸ்லாட்டுகளும் அவருடைய காலைச் சமையலும் இப்படியே நடக்கும்.